சுருட்டி வைத்த தொழுகைப் பாய்

தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் சனோபர்தான். ஆனால் துடைப்பத்தின் 'சர் சர்' சத்தம், வேறு யாரோ வேண்டுமென்றே அவள் காதுக்குள் பெருக்குவதுபோல் இருந்தது.

எதிர் வீட்டுச் சேவல் கூவியது. அதன் கழுத்தைத் திருகிப் போட்டால் என்ன என்று தோன்றியது. அடுத்த நொடியே அந்தச் சேவலை நினைத்துக் கண்ணில் நீர் முட்டியது.

துடைப்பம் நின்றது.

'ஐயோ, இன்றைக்கா?'

மார்பு கனத்தது. விரல்களில் மோதிரம் இறுகியது. ராத்திரி முழுக்கக் கண் மூடியிருந்தாளே தவிர, தூங்கவில்லை. மேல்தோலை உரித்துப்போட்டு வெளியே நிறுத்தியதுபோல், காற்று பட்டாலும் சுரீரென்றது. பழக்கமான விருந்தாளிதான். ஆனால் இன்று வரக்கூடாத விருந்தாளி.

சனோபருக்கு இருதுருவ மனநோய். மகள் செவாரா பிறந்த கையோடு ஒரு குளிர்காலம் முழுக்க ஆஸ்பத்திரியில் கிடந்தவள். லித்தியம் மாத்திரைதான் அவளை எழுப்பி நிறுத்தியது. மாதத்தில் பெரும்பாலான நாட்கள் கோகந்த் நகரத்தின் மற்ற மருமகள்களைப்போலவே மாவு பிசைவாள், சிரிப்பாள், தூங்கி எழுவாள். மாதவிடாய்க்கு முந்தைய சில நாட்கள் மட்டும் மாத்திரைக்குக் கட்டுப்படாது. மற்றப் பெண்களுக்குச் சிடுசிடுப்போடு கழிந்துபோகிற நாட்கள்தான். இவளுக்கோ அவை உள்ளே தூங்கும் நோயை உலுக்கி எழுப்பிவிடும். இரத்தம் கண்டதும் குழாயை மூடியதுபோல் எல்லாம் அடங்கிவிடும்.

டாக்டர் இதைக் கண்டுபிடித்தது இந்த வசந்தத்தில்தான். மாமியார் மத்லூபா கண்டுபிடித்து ரொம்ப நாளாகிறது.

மாமியாரும் மருமகளும் ஒரே அறையில்தான் தொழுவார்கள். மாதவிடாய் நாட்களில் பெண்களுக்குத் தொழுகை இல்லை. அப்போது சனோபரின் பாய் பெட்டிமேல் சுருட்டியபடி கிடக்கும். அந்தப் பாயைப் பார்த்து, அடுத்தது எப்போது என்று மத்லூபா மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொள்வாள். அதற்குச் சற்று முந்திய நாளாகப் பார்த்து விருந்தாளிகளை அழைப்பாள். பெரியவர்கள், உறவினர்கள், மஹல்லா என்கிற தெருவட்டாரத்தின் கமிட்டிக்காரர்கள் எல்லாரும் அந்த நாட்களில்தான் இந்த வீட்டுக்கு வந்தார்கள். சனோபர் ஒவ்வொரு முறையும் அவர்கள் கண்ணெதிரே வெடித்தாள். போன முறை, கமிட்டியில் பெண்கள் விவகாரம் பார்க்கும் சலோமத்துக்குத் தேநீரைப் பியாலாக் கிண்ணத்தின் விளிம்பு வரை ஊற்றி நீட்டிவிட்டாள். விருந்தாளிக்கு அரைப் பியாலா ஊற்றி, மறுபடி மறுபடி ஊற்றுவதுதான் மரியாதை. முழுப் பியாலா என்றால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று பொருள்.

மாமியாரின் கணக்கு பிடிபட்ட அன்று சனோபர் ஒரு பதில் கணக்குப் போட்டாள். உடம்பு சுத்தமாக இருந்தபோதே பாயைச் சுருட்டி வைத்தாள். நிஜமாக வந்தபோது விரித்து நின்றாள். உதடு அசைந்தது, ஓதவில்லை. விட்டுப்போன தொழுகைகளை மாட்டுக் கொட்டகையில் சாக்கை விரித்து, நடுங்கி நடுங்கி நிறைவேற்றினாள். பொய்ப் பாயைப் பார்த்து மத்லூபா பொய் நாள் குறித்தாள். அந்த நாள்தான் இன்று. சனோபர் சாந்தமாக இருந்திருக்க வேண்டிய நாள்.

ஆனால் உடம்பு யாருடைய சதியிலும் கூட்டுச் சேர்வதில்லை. தூக்கம் கெட்ட மாதம். முன்கூட்டியே வந்து நிற்கிறது.

இன்று பகல் மஹல்லாவின் மூத்தவர், அக்சக்கால் துர்சுனும் சலோமத்தும் வருகிறார்கள். இன்று இவள் வெடித்தால் 'பிள்ளை வளர்க்க லாயக்கில்லாதவள்' என்று முடிவாகிவிடும். சனோபர் பிறந்த வீட்டுக்கு, செவாரா நாத்தனார் ஓமினாவுக்கு. பிள்ளையில்லாத அக்காவுக்குத் தம்பி பிள்ளையைக் கொடுப்பது இந்த ஊரில் புதிதில்லை. பெற்றவள் கையால் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். சனோபரின் கை நீளவில்லை. அதனால்தான் இவ்வளவு ஏற்பாடு.

"கெலின்! தெருவுல நின்னு கனவு காண்றியா? மாவு பொங்கி வழியுது!"

மருமகளைக் கூப்பிடும் மத்லூபாவின் குரல். சனோபர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள்.

மத்லூபா பேசும்போது தங்கப் பற்கள் மின்னும். பேசாதபோது அதைவிட ஆபத்து.

"ராத்திரி தூங்கலை போல?" என்றாள், பரிவாக.

"தூங்கினேன், ஓயி."

"கண்ணைப் பாத்தா அப்படித் தெரியலையே. மாத்திரை போட்டியா? உன் நல்லதுக்குத்தான் கேக்கறேன். பெரியவங்க வர்ற நாள். போன தடவை மாதிரி என் மானத்தை வாங்கிடாதே."

"வாங்க மாட்டேன், ஓயி."

"நீ வேணும்னா செய்யறே? பாவம், உன் மண்டை அப்படி."

சனோபர் கையுறையை நனைத்து மாட்டிக்கொண்டாள். தந்தூர் அடுப்புக்குள் குனிந்து ரொட்டியைச் சுவரில் அடித்தாள். பட். அடுத்தது. பட். அனல் முகத்தில் அறைந்தது, நன்றாகத்தான் இருந்தது.

"மெதுவா அறை. அது ரொட்டி, உன் மாமியார் இல்லை."

சனோபருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வேறொரு நாளாக இருந்தால் வந்திருக்கும். இன்று பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

"அப்புறம், ஒரு சின்ன ரொட்டி தட்டு. உள்ளங்கை அளவுக்கு."

"யாருக்கு?"

"என் பேத்திக்கு. அதுக்கும் கமிட்டியைக் கூட்டணுமா?"

சனோபர் சின்ன உருண்டை ஒன்றைத் தட்டி, நடுவில் செவாராவுக்குப் பிடித்த பூ முத்திரையைக் குத்தினாள். அது வெந்து பொன்னிறமாக வந்ததும் மத்லூபா முதலில் எடுத்தது அதைத்தான். தலைத்துணியில் பொதிந்துகொண்டு உள்ளே போனாள்.

அப்போது சனோபர் அதைப்பற்றி ஒன்றும் நினைக்கவில்லை.

வெயில் முற்றத்துக்கு இறங்கியபோது ஓமினாவின் கணவனுடைய வெள்ளைக் கார் வாசலில் வந்து நின்றது. ஓமினா இறங்கினாள். கணவன் இறங்கவில்லை.

ஓமினா கோபக்காரியல்ல, அழுகைக்காரி. கல்யாணமாகிப் பல வருஷம். எத்தனையோ வைத்தியம், எத்தனையோ தர்கா. எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் அவள் கை தானாக நீளும். அதனால்தான் அவளை வெறுப்பது சனோபருக்கு எப்போதும் பாதி வேலையாகவே நின்றுபோகும்.

இன்று பாதியில் நிற்கவில்லை.

கொடிமுந்திரிப் பந்தலின் கீழே செவாரா உட்கார்ந்திருந்தாள். சிவப்பு வெல்வெட் கவுன், புதுக் காலணி. ஓமினா அவள் தலைமுடியை மெல்லிய சடைகளாகப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"நான் பின்றேன், ஓமினா ஓபா," என்றாள் சனோபர். மூத்தவளை 'ஓபா', அக்கா, என்றுதான் கூப்பிட வேண்டும்.

"ஆரம்பிச்சுட்டேன், சனோபர். பாதியில விட்டா குழந்தைக்கு வலிக்கும்."

"என் பொண்ணு தலை எனக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும். நீ விருந்து வேலையைப் பாரு."

செவாரா நிமிர்ந்து சிரித்தாள். முன்பல் ஒன்று விழுந்து போன வாரம்தான் ஓட்டை விழுந்திருந்தது. "ஓயி, நாங்க போட்டோ எடுக்கப் போறோம்! ஓமினா ஓயி வலிக்காம பின்றாங்க!"

ஓயி.

பெற்ற அம்மாவுக்கும் அந்தச் சொல்தான். மாமியாருக்கும் அந்தச் சொல்தான். அத்தைக்கு அந்தச் சொல் இல்லை.

"யார் அப்படிக் கூப்பிடச் சொன்னது?"

சனோபருக்கே தன் குரல் அந்நியமாகக் கேட்டது. அவ்வளவு உயரம். செவாராவின் சிரிப்பு பட்டென்று அணைந்தது. தோள்கள் காதுவரை ஏறின. ஓமினா குழந்தையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்த இழுப்பு... அந்தக் கை...

தாழ்வாரத்தில் மத்லூபா நின்றிருந்தாள். அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கிறவளைப்போல்.

சனோபர் திரும்பினாள். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனாள். தலைத்துணியின் முனையை உருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கத்தினாள். துணிக்குள் கத்தினாள். மாடு ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கோலைக் கவனித்தது. பிறகு வாய்க்காலில் கையை முழங்கைவரை முக்கினாள். மலையிலிருந்து வரும் தண்ணீர். எலும்பு வரை குளிர்ந்தது.

'இது நோய் பாதி, நாள் பாதி,' என்று டாக்டர் சொல்லியிருந்தாள். 'ஆனா ஞாபகம் வெச்சுக்கோ. கோபம் பெரிசா வருதுங்கறதால அது பொய்க் கோபம்னு ஆயிடாது. காரணம் நிஜமா இருக்கலாம். அளவு மட்டும்தான் உன்னுது இல்லை.'

அளவு மட்டும்தான் என்னுடையது இல்லை. சனோபர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

விருந்தறையில் விரிப்பு விரித்தாயிற்று. உலர்ந்த பாதாமி, வாதுமை, கற்கண்டு, ரொட்டி. அக்சக்கால் துர்சுன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மேலிடத்தில் உட்கார்ந்தார். சலோமத் கனத்த உடம்பை மெத்தையில் இறக்கிக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு எனக்கு எவ்வளவு ஊத்தப் போறே?" என்றாள் எடுத்த எடுப்பில். "முன்னாடியே சொல்லிடு. போய்ச் செருப்பை மாட்டிக்கிட்டே உக்காந்துக்கறேன்."

"பாதிதான், சலோமத் ஓபா. ரொம்ப நேரம் இருக்கப் போறீங்க."

துர்சுன் மீசைக்குள் சிரித்தார். சலோமத் சிரிக்கவில்லை.

சனோபர் மண்டியிட்டு, முதல் தேநீரைப் பியாலாவில் ஊற்றிக் கெண்டிக்குள் திருப்பினாள். வழக்கப்படி மறுபடி ஊற்றித் திருப்பினாள். அறையில் எல்லாக் கண்ணும் அவள் கையில்.

"நடுக்கத்தைப் பாத்தீங்களா?" என்றாள் மத்லூபா.

"அது மாத்திரையால, ஓயி."

"எல்லாத்துக்கும் ஒரு காரணம் வெச்சிருப்பா." மத்லூபா பெருமூச்சு விட்டு துர்சுன் பக்கம் திரும்பினாள். "அமகி, நான் கெட்ட மாமியார்னு ஊர்ல பேசட்டும், பரவாயில்லை. ஆனா பேத்தி விஷயத்துல வாயை மூடிட்டு இருக்க முடியாது. கெண்டி பறக்குது இந்த வீட்டுல. காலையில கூடப் பச்சைப் புள்ளையைப் பாத்து ஒரு கத்து கத்தினா பாருங்க, ஓமினா நடுங்கிப் போயிட்டா. இவ குழந்தையை அடிச்சுக் கொன்னாத்தான் கமிட்டி வருமா?"

"நான் அவளை அடிச்சதே இல்லை."

"கையை ஓங்கினியா, இல்லையா?"



"ஓங்கினேன்," என்றாள் சனோபர். "ஒரு தடவை. இறக்கிட்டேன்."

"அடுத்த தடவை இறக்குவேன்னு எழுதிக் கொடுப்பியா?" மத்லூபா முன்னால் குனிந்தாள். குரல் தாழ்ந்து தேன்போல் வழிந்தது. "பெத்ததுல என்னம்மா இருக்கு? மாடுகூடத்தான் கன்னு போடுது. வளக்கறதுக்குப் புத்தி வேணும். உனக்கு அதை அல்லாஹ் கொடுக்கலை. ஓமினாவுக்குக் கொடுத்திருக்கான்."

ஓமினா தலைத்துணியில் முகம் புதைத்து விசும்பினாள்.

சனோபரின் காதுக்குள் இரத்தம் முரசடித்தது. கெண்டி கையில் இருந்தது. அது எங்கே போய் விழும், சுவரில் எந்த இடத்தில் தேநீர் வழியும், மத்லூபா எப்படி 'பாத்தீங்களா!' என்று எழுவாள் எல்லாம் கண்முன் ஓடியது. கை உயரவும் செய்தது. கொஞ்சம்.

மத்லூபாவின் தங்கப் பற்கள் தெரிந்தன. காத்திருந்தாள்.

சனோபர் கெண்டியைத் தரையில் வைத்தாள். தன் கைக்கு எட்டாத தூரத்துக்கு அதைத் தள்ளிவிட்டாள்.

"அமகி," என்றாள். "பொம்பளை சமாச்சாரம் ஒண்ணு பேசப் போறேன். காதைப் பொத்திக்கணும்னா பொத்திக்குங்க."

"ஏன்... என்ன..." துர்சுன் தடுமாறினார்.

"எனக்கு மனநோய் இருக்கு. எல்லாருக்கும் தெரியும். மாத்திரை போடறேன், நல்லாருக்கேன். ஆனா மாசாமாசம் தூரம் வர்றதுக்கு முன்னாடி சில நாள், அது என்னைச் சுவரேற வைக்கும். இன்னைக்கு அந்த நாள். இப்போ இந்தக் கெண்டியை இவங்க மண்டையில போடணும்போல இருக்கு. போடலை. அதைப் பாத்துக்குங்க."

அக்சக்கால் கூரை உத்தரத்தின் பூ வேலைப்பாட்டை முதல்முறை பார்க்கிறவர்போல் பார்க்கத் தொடங்கினார். ஆண்கள் இருக்கும் அறையில் அந்தச் சொல்லை இந்தத் தெருவில் எந்த மருமகளும் சொன்னதில்லை.

"கேட்டீங்களா!" மத்லூபா கையைத் தட்டினாள். "தன் வாயாலயே சொல்லிட்டா! வெக்கம் மானம் இல்லாதவ!"

"பொறுங்க," என்றாள் சலோமத். அவள் புருவம் நெரிந்திருந்தது. "நான் போன வாரமே வர்றேன்னு சொன்னேன். நீங்கதான் இந்த வாரம்தான் வரணும்னு ஒத்தைக்கால்ல நின்னீங்க. ஏன்?"

"வேலை இருந்துச்சு."

"என்ன வேலை?"

மத்லூபா வாய் திறக்குமுன் ஓமினா முந்திக்கொண்டாள். அம்மாவுக்கு உதவி செய்கிற நினைப்புதான். "போன வாரம் சனோபர் நல்லா இருந்தா, சலோமத் ஓபா. நல்லா இருக்கறப்போ வந்து நீங்க என்னத்தைப் பார்ப்பீங்க?"



மத்லூபா மகளைப் பார்த்த பார்வையில் பச்சை மரமே பற்றியிருக்கும். தான் என்ன சொன்னோம் என்று ஓமினாவுக்கு மெல்லத்தான் உறைத்தது. "நான்... குழந்தையைப் பாத்துட்டு..." என்று முனகிக்கொண்டே எழுந்து வெளியே ஓடினாள்.

"ஆக, பாத்துப் பாத்து நாள் குறிச்சிருக்கீங்க," என்றாள் சலோமத். "எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"நான் சொல்றேன்," என்றாள் சனோபர். இதைச் சொன்னால் தானும் மாட்டிக்கொள்வாள் என்று தெரிந்தேதான் சொன்னாள். "என் தொழுகைப் பாயை வெச்சு. அது சுருட்டிக் கிடந்தா எனக்குத் தூரம். அங்கிருந்து கணக்கு. இதைக் கண்டுபிடிச்சதும் நான் போன மாசம் பாயைப் பொய்யாச் சுருட்டி வெச்சேன். அந்தப் பொய்க் கணக்கை நம்பித்தான் உங்களை இன்னைக்குக் கூப்பிட்டிருக்காங்க. என் கெட்ட நேரம், உடம்பும் இன்னைக்கே வந்து சேந்துடுச்சு."

மத்லூபா வெடித்தாள். "தொழுகையில ஏமாத்தினியா? அல்லாஹ்வையே ஏமாத்தினியா, பாவி? அமகி, இதைவிட வேற என்ன வேணும்?"

துர்சுன் உத்தரத்திலிருந்து கண்ணை இறக்கினார். முகம் கறுத்திருந்தது. "தொழுகை விளையாட்டில்லை, மருமகளே."

"இல்லை, அமகி. அதுக்கு நான் அல்லாஹ்கிட்ட பதில் சொல்லிக்கறேன்." சனோபர் மாமியார் பக்கம் திரும்பினாள். "ஆனா ஒண்ணு கேக்கறேன், ஓயி. நீங்க தொழுகையில நிக்கறப்போ உங்க கண்ணு என் பாய்மேல ஏன் இருந்துச்சு?"

சலோமத்தின் தொண்டையில் ஏதோ சத்தம். இருமலாகவும் இருக்கலாம்.

அக்சக்கால் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "ரெண்டு பேர் பேச்சும் எனக்குப் பிடிக்கலை. இன்னைக்கு எந்த முடிவுக்கும் நான் பேர் கொடுக்க மாட்டேன்."

"இனிமே நான் சொல்லிட்டு வர மாட்டேன்," என்றாள் சலோமத், மத்லூபாவிடம். "எந்த நாள்னு நான் முடிவு பண்ணிக்கறேன்." எழுந்தவள் சனோபர் பக்கம் குனிந்தாள். "உன்னை நம்பிட்டேன்னு நினைக்காதே. நீ போன தடவை ஊத்தின டீ இன்னும் என் நெஞ்சுலயே நிக்குது."

இருவரும் வெளியே போனார்கள்.

சனோபர் வாசல் பக்கம் பார்த்தாள். ஜெயித்துவிட்டோமா? ஜெயித்ததுபோல்தான் இருந்தது. ஆனால் மத்லூபா...

மத்லூபா விரிப்பிலிருந்த ரொட்டித் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தாள். தோற்றவளுக்கு அப்படிப்பட்ட நிதானம் இருக்காது.

 சனோபர் முற்றத்துக்கு வந்தாள். பந்தலின் கீழே யாருமில்லை. செவாராவின் பழைய செருப்புகள் மட்டும் கிடந்தன. வாசலில் வெள்ளைக் கார் இல்லை. போட்டோ எடுக்கப் போயிருப்பார்கள். போட்டோதானே?

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனாள். செம்பை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

சுவரில் இரண்டு ஆணிகள். ஒன்றில், ருஷ்யாவுக்கு வேலைக்குப் போகும்போது அவள் கணவன் ரவ்ஷன் கடித்துவிட்டுப் போன ரொட்டி, கல்லாய்க் காய்ந்து தொங்கியது. தொலைதூரம் போகிறவர்கள் ஒரு கடி கடித்துவிட்டுத்தான் போவார்கள். மிச்சம் ஆணியில் காத்திருக்கும். திரும்பி வந்து அவர்களே தின்று முடிக்க வேண்டும். அந்த ரொட்டி அவர்களை இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்று நம்பிக்கை.

இரண்டாவது ஆணி காலையில் காலியாக இருந்தது.

இப்போது அதில் உள்ளங்கை அளவு ரொட்டி ஒன்று தொங்கியது. நடுவில் பூ முத்திரை. ஓரத்தில் ஒரு சின்னக் கடி. கடியின் நடுவே, விழுந்த பல்லின் இடத்தில், ரொட்டி கடிபடாமல் துருத்திக்கொண்டு நின்றது.

போட்டோ எடுக்கப் போகிற குழந்தை ரொட்டி கடித்துவிட்டுப் போவதில்லை.

விருந்தும் கமிட்டியும் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. இவள் வெடித்தால் நல்லது. வெடிக்காவிட்டாலும், இவளை விருந்தறையில் மண்டியிட வைத்துவிட்டால் போதும், குழந்தையைக் கிளப்பிவிடலாம். எல்லாவற்றையும் மத்லூபா சுத்தமாகத்தான் செய்திருந்தாள். பேத்தியை ரொட்டி இல்லாமல் அனுப்ப மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை.

அலறல் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. வெளிவாசலில் சலோமத் இன்னும் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. இப்போது அலறினால், பாத்திரத்தை எறிந்தால், மத்லூபாவின் கழுத்தைப் பிடித்தால்... அதைத்தானே அவள் கேட்கிறாள்?

சனோபர் ரொட்டியை ஆணியிலிருந்து இறக்கினாள். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். ஓடவில்லை.

"சலோமத் ஓபா. சொல்லிட்டு வர மாட்டேன்னீங்களே. இப்பவே உள்ள வாங்க."

"என்ன இது?"

"இந்தப் பல் யாரோடதுன்னு பாருங்க."

சலோமத் பார்த்தாள். அவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். யாரும் விளக்கத் தேவையில்லை. முகத்திலிருந்த கடுமை கலைந்து, வேறொரு கடுமை ஏறியது. மாட்டிய செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தாள். அக்சக்கால் பின்னால் வந்தார்.

சனோபர் ரொட்டியை மத்லூபாவின் முன்னால், பூ முத்திரை மேலே இருக்கும்படி வைத்தாள்.

"எங்க என் பொண்ணு?"

மத்லூபா ரொட்டியைப் பார்த்தாள். "அதை ஏன் இறக்கினே?" முதல்முறையாக அவள் குரல் உடைந்தது. "அவ திரும்பி வர்றதுக்கு முன்னாடி இறக்கக் கூடாது! உனக்குத் தெரியாதா?"

"எங்க?"

"குழந்தை எங்கன்னு சொல்லுங்க, மத்லூபா," என்றாள் சலோமத். பெயருக்குப் பின்னால் எந்த மரியாதைச் சொல்லும் இல்லை.

மத்லூபா வாயை இறுக்கினாள். பிறகு, சாவிக்கொத்தை வீசுகிறவளைப்போல், "என்னை ஏன் கேக்கறே? உன் புருஷனைக் கேளு. அவங்களுக்கு டிக்கெட் எடுத்தது அவன்தான்!" என்றாள்.

அந்த நேரம் பார்த்துச் சனோபரின் சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. திரையில் ரவ்ஷனின் பெயர்.

அவள் உடனே எடுக்கவில்லை. தள்ளி வைத்திருந்த கெண்டியை இழுத்தாள். மத்லூபாவின் பியாலாவில் ஊற்றத் தொடங்கினாள். பாதி. முக்கால். கை நடுங்கியது, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. விளிம்புக்கு மேல் தேநீர் வளைந்து நிற்கும்வரை ஊற்றினாள். அதை மாமியாரின் முன்னால் தள்ளி வைத்தாள்.

அக்சக்கால் பார்த்துக்கொண்டிருந்தார். 

சனோபர் கைபேசியைக் காதில் வைத்தாள். மறுமுனையில் ரவ்ஷன் பேச்சைத் தொடங்குமுன் அவள் பேசினாள்.

"செவாரா கடிச்ச ரொட்டி என்கிட்ட இருக்கு. மிச்சத்தைத் தின்ன அவளை எங்க வந்து கூட்டிட்டு வரணும்? ஊர் பேரை மட்டும் சொல்லுங்க."

 ரவ்ஷன் கேட்டான்:

"இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பவே இல்லைன்னுதானே ஓமினா அக்கா இப்போ போன்ல சொன்னா? அப்போ செவாரா எங்க?"